ஒரு வெடியும் தீராமல் பிடித்த ஊர்

இது நான் பழிவாங்கிய கதை. மன்னித்த கதை ஒன்று இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன், வாசிக்கிறவர்களுக்கும் அது நல்லாயிருக்கும். என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். என் மனிசன் ஒரு பேக்கரியில் வேலை. நான் வீடுகள் துப்புரவாக்கப் போவேன். கிழமைக்கு ஐந்து நாள், ஐந்து வீடு. வியாழக்கிழமை வீடு பியர்பொன்ட்ஸில் இருந்தது. இரண்டு பஸ், நடுவில் மெட்ரோ. கடைசிப் பஸ்ஸில் அனேகமாக என்னைப் போலப் பெண்கள்தான் இருப்பார்கள், எல்லோர் மடியிலும் ஒரு பையும் சாப்பாட்டுப் பெட்டியும்.

அந்த வீட்டில் இரண்டு பேர். மனிசி பள்ளிக்கூடத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவ. முழங்கால் வருத்தம். என்னை வேலைக்கு எடுத்தது அவதான். மனிசன் விமானம் செய்கிற தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். எப்போதும் அயன் பண்ணின சேட். இருவரும் இங்கிலீஸ்காரர். ஊரில் கன்னியர்மடத்தில் படித்த இங்கிலீஸ் எனக்குக் கைகொடுத்தது. இங்கிலீஸில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை என்பார்கள். அந்த மனிசி கதைத்தால் எனக்கு ‘நீங்கள்’ என்று கேட்கும். அவர் கதைத்தால் ‘நீ’ என்றுதான் கேட்கும்.

வீட்டுக்குக் கீழே நிலவறை. ஒரு மூலையில் உடுப்புத் தோய்க்கிற மெஷினும் காயவைக்கிற மெஷினும். மிச்ச இடம் முழுக்க ஒரு மேசை. கலியாண வீட்டுப் பந்தி மேசை மூன்றைச் சேர்த்து வைத்த அளவு. அதன்மேல் கபில நிறத்தில் மலைகள், ஒரு சிறிய ஆறு, தட்டைக் கூரை போட்ட மண்வீடுகள், நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் தூண்கள் வைத்த நீளமான மாளிகை. மாளிகைக்கு மேல் ஒரு அமெரிக்கக் கொடி. சதுக்கத்துக்குள் வரிசையாக ஈயச் சிப்பாய்கள், சுண்டுவிரலின் பாதி உயரம், நீலச் சீருடை. ஓரமாக சால்வை போர்த்த பெண்கள், ஒரு பாதிரியார், விறகு சுமந்த கழுதைகள். ஒவ்வொரு முகத்துக்கும் கண் எழுதியிருந்தார், பெண்களின் சால்வையில் பூக்கூட எழுதியிருந்தார். அழகான வேலை. அதை நான் மறைக்கப் போவதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அந்த மேசையின் தூசியைத் தட்டுவதும் என் வேலை. அதற்கென்று மெல்லிய தூரிகை ஒன்று தந்திருந்தார். முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மரியாதைக்குக் கேட்டேன்.

“இது எந்த இடம், சேர்?”

“சாந்தா ஃபே. நியூ மெக்சிக்கோ. அந்தக் காலத்தில அது மெக்சிக்கோவின்ர ஒரு மாகாணம். ஆயிரத்து எண்ணூற்றி நாற்பத்தாறில அமெரிக்கச் சேனை பாலைவெளி கடந்து நடந்து வந்து பிடிச்சது. அண்டைக்குக் கொடி ஏத்தினதைத்தான் பாக்கிறாய்.”

“பெரிய சண்டையோ?”

அதைக் கேட்கத்தான் காத்திருந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. “ஒரு வெடிகூடத் தீரேல்லை. மெக்சிக்கோ ஆளுநர் படையைக் கலைச்சுப்போட்டுத் தெற்கால ஓடிட்டார். தளபதி உள்ள வந்து, இனி நீங்கள் எங்கட ஆக்கள், உங்கட சமயம், சொத்து ஒண்டிலயும் கைவைக்கமாட்டம் எண்டு அறிவிச்சார். அவ்வளவுதான். இப்பிடி ஒரு சுத்தமான வெற்றி சரித்திரத்திலயே குறைவு.”

சுத்தம் என்பதற்கு அவர் சொன்ன சொல், சற்று முன்பு குளியலறையைப் பற்றிச் சொன்ன அதே சொல்.

“சனம் என்ன சொன்னது, சேர்?”

“எந்தச் சனம்?”

நான் தூரிகையால் சால்வைப் பெண்களைக் காட்டினேன். அவர் சிரித்தார். “அவைக்கு என்ன, சந்தோசம்தான்.”

நான் தூசியைத் தட்டினேன். பத்து வருடம் முன்பு எங்கள் பட்டணத்தை அரசாங்க ஆமி பிடித்த செய்தியை நான் வன்னியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைத் தரையில் இருந்து ரேடியோவில் கேட்டவள். முழுச் சனமும் விட்டு ஓடிய வெறும் பட்டணத்தில் கொடி ஏற்றினார்கள். மக்களை மீட்டுவிட்டோம் என்று ரேடியோ சொன்னது. அந்த மக்கள் நாங்கள் வகுப்பறையில் இடம் போதாமல் குந்திக்கொண்டிருந்தோம். அதற்குச் சில மாதம் முன்பு, எங்கள் ஊர்க் கோயிலில் சனம் தஞ்சம் புகுந்திருந்த நேரம் குண்டு விழுந்தது. என் அக்கா அதற்குள் இருந்தா. மாதா சுரூபத்தடியில் பாய் விரித்து வைத்துவிட்டு, எனக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தா. நான் போய்ச் சேரமுதல் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனாலும் அந்த மனிதரில் எனக்கு அப்போது கோபம் இல்லை. ஒரு கிழவர், பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று விட்டுவிட்டேன். கோபம் வந்தது கார்த்திகை மாதத்தில்.

அன்று நான் வேலை முடித்துச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வரச்சொல்லிக் கூப்பிட்டார். போனால், அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் மேசையடியில் நிற்கிறார்கள்.

“தளபதி எங்க?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. குதிரையில் இருந்த தளபதிப் பொம்மை சதுக்கத்தின் நடுவில் இல்லை.

“தெரியாது, சேர். நான் இண்டைக்கு மேசையில கைவைக்கேல்லை.”

“இவை வரமுதல் இந்த வீட்டுக்குள்ள நாங்கள் மூண்டு பேர்தான். பையைத் தா.”

தா என்று கேட்டாரே தவிர, நான் கொடுக்கும்வரை நிற்கவில்லை. தோளில் இருந்து தானே எடுத்து, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேல் கவிழ்த்துக் கொட்டினார். பஸ் பாஸ். செபமாலை. சீப்பு. மாதத் தேவைக்குரிய சாமான். தாளில் சுற்றியிருந்த என் வேலைச் சட்டை. எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் நான் சாப்பிட்டு மிச்சம் வைத்த பிட்டு இருந்தது. பக்கத்தில் கிடந்த பெயின்ற் கலக்கும் குச்சியை எடுத்து அந்தப் பிட்டுக்குள் விட்டுக் கிண்டினார்.

நண்பர்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார். மற்றவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மனிசி படியில் நின்று, “போதும், விடுங்கோ” என்றா. அவர் விடவில்லை. குச்சியின் நுனியில் பச்சைப் பெயின்ற் இருந்தது, வெள்ளைப் பிட்டில் அது இழுபட்டது. அந்தப் பச்சை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒன்றும் கிடைக்கவில்லை. “சரி, போ” என்றார். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்தேன். செபமாலை மெஷினுக்குப் பின்னால் விழுந்திருந்தது, அதை எடுக்கக் குனிந்து கையை விட்டுத் தேடினேன். மூன்று ஆண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வியாழன் நான் போனபோது தளபதி தன் இடத்தில் நின்றார். மனிசி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா. குதிரையின் கால் உடைந்திருந்ததாம், ஒட்டுவதற்கென்று அவரே தன் பொம்மைச் சிப்பாய்க் கழகத்தின் கூட்டத்துக்குக் கொண்டுபோய், மேற்சட்டைப் பைக்குள் மறந்துவிட்டாராம்.

“அவர் உங்களிட்டச் சொல்லுவார்” என்றா.

நான் நிலவறைக்குப் போனேன். அவர் தலை நிமிராமல் ஒரு கழுதைக்கு வாலை எழுதிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, கிடைச்சிட்டுது” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் மனிசனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு, “நீர் இனி அங்க போகத் தேவையில்லை. வேற வீடு பாப்பம்” என்றார்.

“நான் போவன்.”

“ஏன்? அந்த ஆளின்ர முகத்தில முழிக்கவோ?”

“ஓம். முழிக்கத்தான். விட்டிட்டு வந்தனெண்டால் கள்ளி ஓடிட்டாள் எண்டுதான் அந்த ரெண்டு பேரும் நினைப்பினம். நான் அங்க நிண்டு அவருக்கு ஏதாவது செய்யவேணும்.”

“என்ன செய்யப்போறீர்?”

“இன்னும் தெரியாது.”

உண்மையாகவே தெரியாது. ஆனால் அந்த மாரி முழுக்க அதைத் தவிர வேறொன்றையும் நான் நினைக்கவில்லை. பஸ்ஸில் நினைத்தேன், குளியலறைத் தரை ஓடுகளைத் தேய்க்கும்போது நினைத்தேன், பூசையில் நற்கருணை எடுத்துவிட்டு வந்து முழங்காலில் இருந்தும் நினைத்தேன். முதலில் சின்னச் சின்ன வேலைகள் செய்தேன். தூசி தட்டும் சாட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டு சிப்பாய்களைக் கொடிக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பேன். அவர் மெஷின் அதிர்வென்று நினைத்து மெஷினுக்குக் கீழே றப்பர் வைத்தார். நான் அடுத்த முறை நான்கு பேரைத் திருப்பினேன். ஒருநாள் மெஷினின் தண்ணீர்க் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தேன். ஒரு திருகு திருகினால் காணும், காலமைக்குள் சாந்தா ஃபே மிதக்கும். கையை எடுத்துவிட்டேன். இரக்கத்தால் அல்ல. தண்ணீர் வந்து அழித்தால் அது விபத்தாகிவிடும். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். மற்றவர்களுக்கு முன்னால் தெரியவேண்டும்.

வழி காட்டியது ஒரு மெக்சிக்கோக்காரி.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு முன்பு அதே கோயிலில் ஸ்பானியப் பூசை நடக்கும். அவர்கள் வெளியேற நாங்கள் உள்ளே போவோம். பீடத்துணி மடிக்கிறதுக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி, இந்தப் பக்கத்தில் நான். அவவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. மெக்சிக்கோவின் வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவ. ஆயுதக் கும்பல் ஒன்று புருசனை மிரட்டியதால் ஓடிவந்து அகதிக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. நான் அவவை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு. தை மாதத்தில் ஒருநாள் துணி மடிக்கையில் அந்த மேசையைப் பற்றிச் சொன்னேன். ஒரு வெடியும் தீராமல் பிடித்த ஊராம் என்றேன்.

ரீச்சர் துணியின் தன் பக்கத்து நுனியைக் கீழே விட்டுவிட்டா.

“அப்பிடியோ சொன்னவர்? அது ஆவணியில. அடுத்த தை மாதம் என்ன நடந்தது எண்டு சொன்னவரோ?”

“இல்லை.”

“அந்தத் தளபதி வாசிச்ச அறிவித்தலின்ர மற்றப் பாதியைச் சொன்னவரோ? ஆயுதம் தூக்கினா தூக்கில போடுவன் எண்டதை?”

“இல்லை.”

ஞாயிறு அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் படம் கீறிக் கீறி அவ சொன்னா. தளபதி ஒரு ஆளுநரை வைத்துவிட்டுக் கலிபோர்னியாவைப் பிடிக்கப் போய்விட்டார். மாரியில் வடக்கே தாவோஸ் என்ற ஊரில் மெக்சிக்கோச் சனமும் அங்குள்ள பூர்வகுடிச் சனமும் சேர்ந்து எழும்பினார்கள். புது ஆளுநரை அவருடைய வீட்டுக்குள் வைத்துக் கொன்றார்கள். சேனை பனிக்குள்ளால் நடந்து வந்தது. சனம் கோயிலுக்குள் புகுந்தது. தடித்த மண்சுவர்க் கோயில். பீரங்கியால் அடித்தார்கள். சுவர் விழாததால் கோடாலியால் ஓட்டை போட்டு, வெடிகுண்டைக் கொளுத்திக் கையால் உள்ளே எறிந்தார்கள்.

“கோயிலுக்கையோ?” என்று கேட்டேன்.

“கோயிலுக்கைதான். அந்தக் கோயிலின்ர மணிக்கூண்டு இப்பவும் இடிஞ்சபடி நிக்குது. சுத்திவர ஆக்களைப் புதைச்ச சவக்காலை. பேந்து வழக்கு வைச்சவை. தேசத் துரோகமாம். எந்தத் தேசத்துக்கு? அந்தச் சனம் அமெரிக்கக் குடிமக்களே இல்லை. பேந்து வாஷிங்டனே அதை ஒத்துக்கொண்டது. ஆனா ஆக்களைச் சதுக்கத்தில தூக்கிப் போட்டாச்சு.”

தமிழ்ப் பூசைக்கு மணி அடித்தது. நான் எழும்பவில்லை. ஒரு விதமான சந்தோசம் வந்தது. அக்காவின் சாவு போன்ற ஒன்றைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது அதுதான். அவரை அடிக்க எனக்கு ஒரு தடி கிடைத்துவிட்டது.

வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் போக நான் ஆயத்தமில்லை. நூலகத்துக்குப் போய்ப் பிரெஞ்சில் ஒன்றும் இங்கிலீஸில் ஒன்றுமாக இரண்டு புத்தகம் எடுத்தேன். ஒரு மாதம் அகராதியோடு வாசித்தேன். ரீச்சர் சொன்னது சரி. அதற்குமேலும் இருந்தது. அந்த ஆளுநரை மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துத் தலைத்தோலை உரித்தார்களாம். பெண்கள் பக்கத்து வீட்டுக்குத் தப்ப, அடுப்புக் கம்பியாலும் கரண்டியாலும் மண்சுவரைத் தோண்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் ஒரே ஒருக்கால் வாசித்தேன். என் கொப்பியில் எழுதவில்லை. என் தேவைக்கு அது உதவாது.

சித்திரை மாதம் மனிசி என்னிடம் கேட்டா. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அவருடைய கழகத்து ஆட்களும் குடும்பங்களும் மேசையைப் பார்க்க வருகிறார்கள், சான்ட்விச் பரிமாற வரமுடியுமா? வருவேன் என்றேன். நான் உடனே சொன்ன விதத்தில் அவவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

அன்றிலிருந்து எங்கள் குசினி மேசையில் ஒரு கோயில் எழும்பத் தொடங்கியது. மட்டையை வெட்டிச் சுவர் ஆக்கினேன். கோதுமை மாவும் உப்பும் குழைத்துப் பூசினேன், காய்ந்து வெடித்தது. பிறகு சுவர் ஓட்டை அடைக்கிற பூச்சு வாங்கிப் பூசினேன், தேயிலைச் சாயத்தால் நிறம் கொடுத்தேன். இரண்டு மணிக்கூண்டு, அதில் ஒன்று பாதி. ஒரு பக்கச் சுவரில் ஓட்டை. கூரையைத் தீக்குச்சியால் கருக்கினேன். சின்னச் சதுக்கம் ஒன்று, அதில் ஒரு மரத்துலா, துலாவில் கறுப்பு நூல்கள். நூல்களில் ஆட்களைத் தொங்கவிடவில்லை. சுருக்கு மட்டும்.

என் மனிசன் சாப்பிடும்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒருநாள், “எங்கட ஊர்க் கோயிலோ இது?” என்று கேட்டார்.

“இல்லை. இது மெக்சிக்கோக் கோயில்.”

“எங்கட கோயில் மாதிரிக் கிடக்கு” என்றார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது பேக்கரியிலிருந்து பெரிய கேக் பெட்டி ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்தார். பஸ்ஸில் கொண்டுபோக.

அந்தச் சனிக்கிழமை இருபது பேரளவில் வந்திருந்தார்கள். கார்த்திகையில் என் பையைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், அன்று தன் சப்பாத்தைப் பார்த்தவர், என் தட்டிலிருந்து சான்ட்விச் எடுத்துவிட்டு மெதுவாக நன்றி சொன்னார். கேக் பெட்டியைப் படிக்குக் கீழே வைத்திருந்தேன். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றபிறகு வீட்டுக்காரர் ஒரு நீளக் குச்சியோடு தொடங்கினார். சேனை வந்த பாதை, ஆளுநர் ஓடிய பாதை, மாளிகை, கொடி.

“ஒரு வெடிகூடத் தீரேல்லை” என்றார்.

நான் தட்டை மெஷினுக்கு மேல் வைத்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்களை விலக்கிப் போய், மலைக்கு அங்கால் வெறுமையாக விட்டிருந்த வடக்கு மூலையில் கோயிலை வைத்தேன்.

“சேர், மிச்சக் கதை இருக்கு” என்றேன். பன்னிரண்டு வரி எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். “இது தாவோஸ். அஞ்சு மாதத்துக்குப் பிறகு. இதுக்குள்ள சனம் இருந்தது. இந்த ஓட்டைக்குள்ளால குண்டை எறிஞ்சவை. பிறகு மிஞ்சின ஆக்களைத் துரோகிகள் எண்டு சொல்லி இதில தூக்கினவை. அவை துரோகிகள் இல்லை எண்டு பிறகு வாஷிங்டனே சொன்னது. தளபதி வாசிச்ச அறிவித்தலிலயும் தூக்கில போடுவம் எண்டு இருந்தது. அந்த வரியை நீங்கள் ஒருநாளும் சொல்லுறேல்லை.”

அவர் குனிந்து கோயிலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். நிமிர்ந்து சொன்னது இதுதான்.

“அளவுத்திட்டம் பிழை. இந்த மேசைக்கு இது மிகப் பெரிசு.”

யாரோ சிரித்தார்கள். அப்போது அந்தச் சப்பாத்தைப் பார்த்தவர் வாய் திறந்தார். “அளவு பிழையெண்டாலும் அவ சொல்லுறது சரி. நானும் உனக்கு எத்தினை தரம் சொன்னனான், தாவோஸையும் வை எண்டு.”

வீட்டுக்காரரின் கழுத்து சிவந்தது. “இது அதுக்கு நேரமில்லை” என்றார் என்னைப் பார்த்து. “மேல போ.”

நான் போகவில்லை. அது வரைக்கும்தான் பாடமாக்கி வைத்திருந்தேன். மிச்சம் தானாக வந்தது.

“போன கார்த்திகையில இந்த மெஷினுக்கு மேல என்ர பையைக் கொட்டினீங்கள். இவை ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டவை. என்ர சாப்பாட்டைப் பெயின்ற் குச்சியால கிண்டினீங்கள். தளபதியைக் களவெடுத்தனெண்டு. தளபதி எங்க இருந்தவர் எண்டு இவைக்குச் சொல்லுங்கோ.”

அவர் குச்சியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பதில் படிப்பக்கமிருந்து வந்தது. மனிசி முழங்காலைப் பிடித்தபடி கடைசிப் படியில் நின்றா.

“இவரின்ர மேற்சட்டைப் பைக்குள்ள இருந்தது. நான்தான் எடுத்தனான்.” பிறகு அவரைப் பார்த்து, “ஆறு மாதமா நான் காத்துக்கொண்டிருக்கிறன், இவவிட்ட நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு.”

அவர் மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து மன்னிப்பு என்றார்.

“எனக்குக் கேக்கேல்லை, சேர்” என்றேன்.

திரும்பவும் சொன்னார், கொஞ்சம் உரத்து.

“அவைக்கும் கேக்கேல்லை.”

மூன்றாம் முறை அவர் நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். பெயர் சொல்லி, நான் களவெடுக்கவில்லை என்று சொன்னார். என் பெயரை அந்த வீட்டில் அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. உச்சரிப்புப் பிழை. திருத்தினேன். திருத்திச் சொன்னார். அந்த நேரம் என் உடம்பு முழுக்க ஓடிய இனிமையை என்னால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அழவேண்டும் போலவோ, விட்டுவிடவேண்டும் போலவோ ஒன்றும் இருக்கவில்லை. இன்னும் பத்து முறை சொல்ல வைத்திருப்பேன். மனிசியின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். அவ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆனால் நான் நிறுத்தவேண்டும் என்று இருந்தது.

என் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோயிலை அங்கேயே விட்டேன்.

திங்கட்கிழமை மனிசி தொலைபேசி எடுத்தா. “இனி நீங்கள் வராமல் விட்டால் நல்லது” என்றா. “உங்களில பிழை இல்லை. நான் அந்த மனிசனோட இருக்கவேணும்.” பிறகு, “எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்” என்றா. முதலே சொல்லியிருந்தால் அவ எல்லாவற்றையும் மெதுவாக, நல்ல மாதிரி, ஒருத்தருக்கும் நோகாமல் முடித்திருப்பா. அது எனக்கு வேண்டாம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவ எழுதித் தந்த நற்சான்றிதழைக் காட்டித்தான் அஹுன்ட்சிக்கில் ஒரு கார்டரியின், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தின், குசினியில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த வேலையில் கனகாலம் இருந்தேன்.

என் மனிசன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீர் பயங்கரமான ஆள்” என்றார். பேக்கரியில் எல்லோருக்கும் சொன்னார்.

ரீச்சருக்குச் சொன்னபோது அவ கைகொட்டிச் சிரித்தா. “மூண்டு தரமோ? மூண்டு தரமோ?” என்று கேட்டா. பீடத்துணியை மடித்து முடித்தபிறகு, சிரிப்பு அடங்கியபிறகு, கேட்டா.

“அந்த ஆளுநரின்ர வீட்டில நடந்ததையும் சொன்னனியோ? மனிசிமார் சுவரைத் தோண்டினதை?”

“இல்லை.”

“ஏன்?”

“எனக்கு அது தேவைப்படேல்லை, ரீச்சர்.”

“நான் வகுப்பில அதையும் படிப்பிக்கிறனான்” என்றா. துணிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. அடுத்த மாரியில் அவவின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. புருசனோடு திரும்பிப் போய்விட்டா. ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

அந்தக் கேள்வி சரியான கேள்வி என்று எனக்குத் தெரியும். அன்று அந்த இருபது பேருக்கும் நான் சொன்னதும் பாதிக் கதைதான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளி வரும் பெரிய கிழமையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, கோபித்தது, பொய் சொன்னது, மாமியாரோடு சண்டை பிடித்தது எல்லாவற்றையும் சுவாமியாரிடம் சொல்லுகிறேன். அந்த நிலவறையில் செய்ததைச் சொன்னதில்லை. மனம் வருந்தி மனஸ்தாபப்படாத பாவத்துக்குப் பொறுத்தல் கேட்கக்கூடாது என்றுதான் எங்களுக்கு ஞானோபதேசத்தில் படிப்பித்தவர்கள்.